மூணு பந்தை ஊதாதீங்க: இதய மாற்றுக்குப் பிறகு மூச்சுத் தசைப் பயிற்சி

இதய மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐசியுவிலிருந்து வார்டுக்கு வருபவரின் கட்டிலோரம் மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் ஸ்பைரோமீட்டர் (மூச்சுப் பயிற்சிக் கருவி) ஒன்று இருக்கும். கையில் கொடுத்ததும் அநேகம் பேர் குழாயை வாயில் வைத்துப் புஸ்ஸென்று ஊதுவார்கள். பந்து அசையாது. டீக்கடை வைத்திருந்த ஒருவர் இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, மிஷின் மக்கர் பண்ணுது?" என்றார். "ஊதாதீங்கண்ணே. இளநீர் குடிக்கிற மாதிரி உள்ள இழுங்க" என்றேன். இழுத்தார். முதல் பந்து பாதி உயரம் எழும்பி, தள்ளாடி, பொத்தென்று விழுந்தது.

அவருடைய எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கை அருமையாக இருந்தது. புது இதயம் ஜோராக வேலை செய்தது. ஆனால் மாற்றியது இதயத்தை மட்டும்தானே? காற்றை உள்ளே இழுக்கும் தசைகள் பழையவைதான். நான் இதய வார்டில் வேலை பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளிடமும் வீட்டாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே வரிசையாக எழுதிவைக்கிறேன். இதை வைத்துக்கொண்டு யாரும் தானாகப் பயிற்சியைத் தொடங்க வேண்டாம். உங்கள் மாற்று சிகிச்சைக் குழு சரி என்ற பிறகுதான்.

தசை ஏன் இளைத்துப்போகிறது?

நுரையீரல் தானாக விரியாது, விரிக்கும் தசை அதில் கிடையாது. அதை விரிப்பது முக்கியமாக உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்துவைத்த கிண்ணம் மாதிரி இருக்கும் தசை அது. சும்மா உட்கார்ந்திருக்கையில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒன்றிரண்டு செ.மீ. கீழே இறங்கும். ஆழமாக இழுத்தால் பல செ.மீ. இறங்கும்.

மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பவருக்கு வருடக்கணக்கில் இதயம் பலவீனமாகவே இருந்திருக்கும். கை, கால் தசை கரைவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே உதரவிதானமும் அதேபோல் நலிவது தெரியாது. அப்புறம் வென்டிலேட்டர். இயந்திரமே முழுக்க மூச்சு விட்டுக்கொடுத்தால் உதரவிதானத்துக்கு வேலையில்லை. 18 முதல் 69 மணி நேரம் அப்படிச் சும்மா இருந்த உதரவிதானத்தின் நார்கள் வெகுவாக மெலிந்திருந்ததை 2008-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு போட்டு எடுத்த கால் இளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதரவிதானத்துக்கு அதற்கு இரண்டு மூன்று நாளே போதும்.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. உதரவிதானத்தை இயக்கும் பிரெனிக் நரம்பு கழுத்திலிருந்து கிளம்பி, இதயத்தை ஒட்டியே இறங்குகிறது. அறுவை சிகிச்சையில் இழுபட்டோ, இதயத்தைக் குளிர்விக்கும் பனிக்கட்டிக் கலவை பட்டோ அது சில சமயம் மரத்துப்போகும். கூடவே, உடல் புது இதயத்தை நிராகரிக்காமலிருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு, நாள்பட நாள்படத் தசையை அரிக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தசைக்கு வேலை கொடுங்கள், அதுதான் வழி.

படி 1: முதலில் அளவு

உள்ளிழுக்கும் தசையின் பலத்தை அளக்க ஒரு எளிய சோதனை இருக்கிறது. மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டு, ஏறக்குறைய அடைத்த ஒரு குழாயை வாயில் கவ்வி, முழு பலத்தோடு உள்ளே இழுக்க வேண்டும். காற்று வராது, அழுத்தம் மட்டும் பதிவாகும். அதை 'செ.மீ. நீர் அழுத்தம்' என்ற அலகில் சொல்வார்கள். 20 செ.மீ. என்றால், ஒரு குழாயில் தண்ணீரை 20 செ.மீ. உயரத்துக்கு இழுத்து நிறுத்தும் பலம். 80-க்கு மேல் வந்தால் பொதுவாகப் பெரிய பலவீனம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே வந்தால் வயது, ஆணா பெண்ணா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எண் எதுவானாலும் தேதியோடு எழுதிவையுங்கள், பின்னால் வேண்டும்.

படி 2: வயிற்றில் ஒரு கை

நாற்காலியில் முதுகு சாய்த்து உட்காருங்கள். பாதம் இரண்டும் தரையில். ஒரு கை மேல்நெஞ்சில், ஒரு கை தொப்புளுக்கு மேலே. மூக்கால் மெதுவாக இழுங்கள். வயிற்றுக் கை முன்னால் வர வேண்டும், நெஞ்சுக் கை ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும், தோள் ஏறவே கூடாது. தையல் வலிக்குப் பயந்து எல்லோரும் கழுத்தாலும் தோளாலும்தான் மூச்சு வாங்குவார்கள். அந்தப் பழக்கத்தை உடைக்கவே இந்தப் படி. வலி அதிகமென்றால் மருத்துவர் எழுதிய வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்யுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு செய்வதில் பயனில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உள்ளே இழுக்கும்போது வயிறு முன்னால் வராமல் பள்ளமாக உள்வாங்கினால், அதுவும் மல்லாந்து படுக்கும்போது மூச்சு கூடுதலாகத் திணறினால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிரெனிக் நரம்பைச் சோதிக்க வேண்டியிருக்கலாம்.

படி 3: மூன்று பந்து

வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "மூணு பந்தும் ஏறினா நல்லதுதானே?" அவசியமில்லை. கருவியில் அச்சிட்டிருக்கும் 600, 900, 1200 என்பவை நுரையீரலின் கொள்ளளவு அல்ல. ஒரு நொடிக்கு எத்தனை மி.லி. வேகத்தில் காற்றை இழுக்கிறீர்கள் என்ற கணக்கு. வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் ஒரு கணம் ஏறி இறங்கும், ஆனால் நுரையீரலின் அடிப்பகுதிக்குக் காற்றுப் போயிருக்காது. முதல் பந்தை நிதானமாக மேலேற்றி, 3 நொடி மேலேயே நிறுத்திவைப்பது அதைவிட மேல். விழித்திருக்கும்போது மணிக்கு 10 மூச்சு என்பது வழக்கமான அளவு. கருவியைத் தலைகீழாகப் பிடித்து ஊதினாலும் பந்து ஏறும். பேரன் பேத்திகளுக்கு வேடிக்கை காட்டலாம், வேறு பயன் இல்லை.

இந்தக் கருவியால் நுரையீரல் விரியும். தசை பெரிதாக வலுவடையாது, தசை எதிர்த்து இழுக்க வேண்டிய எடை, அதாவது தடை, அதில் இல்லை.

படி 4: தலையணையோடு இருமல்

உலகின் முதல் மனித இதய மாற்று 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுனில், குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் கிறிஸ்டியான் பர்னார்ட். நோயாளி லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாள் இருந்தார். அவரைக் கொண்டுபோனது நிமோனியா, புது இதயம் கடைசிவரை நன்றாகவே துடித்தது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கிவைத்திருப்பவருக்குச் சளி தேங்குவது சாதாரண விஷயமல்ல. இன்றைக்கும் இருமலில் நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

நடுவில் பிளந்து கம்பியால் கட்டிய மார்பெலும்பு ஓரளவு கூடவே 6 முதல் 8 வாரம் ஆகும், ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இன்னும் இழுக்கலாம். ஆகவே சிறிய, கெட்டியான தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொள்ளுங்கள். ஆழமாக மூச்சிழுத்து, வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படர ஊதுவதுபோல் "ஹா" என்று இரண்டு முறை. சளி மேலே வந்த பிறகு ஒரு இருமல். போதும். தண்ணீர் கேன் தூக்குவது, கையை ஊன்றிக் கட்டிலிலிருந்து எழுவது எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே போட்டு எழுந்திருங்கள். இருமும்போது நெஞ்செலும்பில் 'கிளிக்' என்று சத்தமோ அசைவோ தெரிந்தால் நிறுத்திவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

படி 5: எடை வைத்த மூச்சு

நெஞ்சில் போட்ட குழாய்களெல்லாம் எடுத்து, ஆக்ஸிஜன் தேவை நின்று, நிலைமை சீரான பிறகுதான் இது. குழாய்க்குள் ஸ்பிரிங் வால்வு வைத்த சின்னக் கருவி. நீங்கள் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். பரவலாகப் புழங்கும் த்ரெஷோல்ட் ஐஎம்டி கருவியில் 9 முதல் 41 செ.மீ. வரை திருகி வைக்கலாம்.

தொடங்கும் எடை, படி 1-ல் எடுத்த அளவில் 30 சதவீதம். 60 வந்திருந்தால் 18-ல் வையுங்கள். மூக்கில் கிளிப், உதட்டால் குழாயை இறுகக் கவ்வவும். மூச்சை வெளியே விட்டு, சட்டென்று பலமாக உள்ளே இழுங்கள். பிறகு மூன்று நான்கு நொடி எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். பத்து மூச்சு, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை. உதடு மரமரத்தாலோ தலை சுற்றினாலோ மிக வேகமாக மூச்சு விடுகிறீர்கள். நிறுத்தி, இயல்புக்கு வந்த பிறகு நிதானமாகத் தொடருங்கள்.

இளநீர் உதாரணம் சொன்னது என் தப்பு என்று இந்தக் கருவியைக் கொடுத்தபோதுதான் உறைத்தது. இளநீர் குடிக்கும்போது கன்னமும் நாக்கும் உறிஞ்சுகின்றன. டீக்கடைக்காரருக்குக் கன்னம் இரண்டும் குழி விழுந்தது, வயிறு அசையவே இல்லை. எதிரே ஒரு கண்ணாடியை வைத்தேன். கன்னம் குழிந்தால் வாய் வேலை செய்கிறது, வயிறு முன்னால் வந்தால் உதரவிதானம் வேலை செய்கிறது. மூன்றாம் நாளே பிடித்துக்கொண்டார்.

எப்போது எடையைக் கூட்டுவது? இங்கே ஒரு விசேஷம். மாற்றிய இதயத்தின் நரம்புகள் அறுபட்டிருக்கும். அதனால் சும்மா இருக்கும்போதே நாடி 90 முதல் 110 வரை ஓடும். பயிற்சி செய்தால் ரத்தத்தில் அட்ரினலின் ஏறிய பிறகுதான் மெதுவாகக் கூடும், நிறுத்தினாலும் உடனே இறங்காது. ஆகவே கைக்கடிகாரம் காட்டும் நாடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஸ்வீடனின் குன்னர் போர்க் உருவாக்கிய 6 முதல் 20 வரையுள்ள சிரம அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 6 என்றால் சிரமமே இல்லை, 13 என்றால் ஓரளவு கஷ்டம், 20 என்றால் இதற்குமேல் முடியவே முடியாது. கடைசி மூச்சும் 11-க்குள் முடிந்தால் அடுத்த வாரம் 2 செ.மீ. கூட்டலாம். 15-ஐத் தொட்டால் குறையுங்கள். நடைப்பயிற்சிக்கும் இதே கணக்குத்தான், முன்னும் பின்னும் 5 முதல் 10 நிமிடம் மெதுநடை கட்டாயம்.

மூச்சுத் தசை களைத்தால் உடல் காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை மூச்சுப் பக்கம் திருப்பிவிடும். "மூச்சு வாங்குது"வும் "கால் தளருது"வும் ஜோடியாக வருவது இதனால்தான். இதயச் செயலிழப்பு நோயாளிகளை நாளுக்கு 30 நிமிடம், 12 வாரம் இப்படிப் பயிற்சி செய்யவைத்து பிரேசிலில் ஓர் ஆய்வு நடந்தது. 2006-ல் வெளியான அதன் முடிவில், மூச்சுத் தசையோடு 6 நிமிட நடைத் தூரமும் கூடியிருந்தது. அவர்கள் இதயம் மாற்றியவர்கள் அல்ல, அதனால் அந்த அளவை அப்படியே காப்பியடிக்காமல் மெல்ல ஏறுகிறோம்.

கழுவுவது

நான் எதையாவது கத்திச் சொல்வதென்றால் இதைத்தான். தினமும் கருவியை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் அலசி, உதறி, சுத்தமான துணியில் காயவையுங்கள். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும், அடுத்த மூச்சில் அது நேராக நுரையீரலுக்குப் போகும். புறா வந்து உட்காரும் பால்கனியில் காயப்போடவே வேண்டாம், எச்சத்தில் வேறு பூஞ்சை இருக்கும். கருவியை இன்னொருவரோடு பகிர்வது அறவே கூடாது.

எந்த நாள் லீவு?

காய்ச்சல், புதிதாக மூச்சுத் திணறல், காயத்தில் நீர் கசிவு, ஒன்றிரண்டு நாளில் உடல் எடை ஏறுவது, கால் வீக்கம், காரணமில்லாத அசதி: இவற்றில் ஒன்று வந்தாலும் கருவியை வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். நரம்பு அறுபட்டிருப்பதால் இந்த இதயம் பெரும்பாலும் நெஞ்சுவலியாகத் தன் கஷ்டத்தைச் சொல்லாது. நிராகரிப்பு தொடங்கினால் அசதியும் மூச்சிரைப்பும்தான் முதலில் தெரியலாம், எதுவுமே தெரியாமலும் இருக்கலாம். அதற்காகத்தான் பயாப்ஸி, அதாவது இதயத் தசையில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது. பயாப்ஸி எடுத்த அன்று பயிற்சி வேண்டாம்.

பயிற்சி தொடங்கி 8 வாரம் முடிந்ததும் படி 1-ன் சோதனையை அதே கருவியில் மறுபடி செய்யச் சொல்லுங்கள். புது அளவில் மறுபடி 30 சதவீதத்தைக் கணக்கிட்டு, இப்போது வைத்திருக்கும் எடையோடு ஒப்பிட்டு, அடுத்து எவ்வளவு என்பதைக் குழுவோடு பேசி முடிவு செய்யலாம். 12 வாரத்துக்குப் பிறகு வாரத்தில் 2, 3 நாள் செய்தாலே தசை தாக்குப்பிடிக்கும். கருவி நீல நிறமா பச்சையா, எந்தக் கம்பெனி என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். ஸ்பிரிங்கும் அளவுக் கோடும் இருந்தால் எதுவும் சரி.