கீமோ வார்டில் முகப் பராமரிப்பு: புருவம் வரைவது, தலைத்துணி கட்டுவது, பொட்டு வைப்பது

சேலத்தில் புற்றுநோய்க்கான கீமோவுக்கு அட்மிட் ஆகியிருக்கும் அம்மாவுக்கோ அக்காவுக்கோ துணைக்கு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டால் இருபது நிமிடத்தில் முடிகிற வேலைதான். பார்வையாளர் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வரும் நாளில் தொடவே வேண்டாம். கண்ணாடியை எடுத்து நீட்டும் முன் "பாக்கறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பையைத் திறக்கும் முன்

சிஸ்டரிடம் கேட்க வேண்டியவை மூன்று. இன்றைக்கு ரத்தத்தில் வெள்ளணுவும் (கிருமியை எதிர்ப்பவை) பிளேட்லெட்டும் (ரத்தம் உறைய உதவுபவை) எவ்வளவு? கரண்டு (ரேடியேஷன்) வைத்திருந்தால், எந்த இடத்தில்? ஆக்ஸிஜன் ஓடுகிறதா?

கீமோ ஏறிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணு பெரும்பாலும் மிகக் கீழே இறங்கியிருக்கும். அந்த நாட்களில் புருவம் திருத்துவது, த்ரெட்டிங், வேக்ஸிங், நகத்தின் ஓரத்தோலை வெட்டுவது எதுவும் கூடாது. சின்னக் கீறல் வழியாகக் கூடக் கிருமி தொற்றிவிடும். காய்ச்சல் 100.4 டிகிரி காட்டினால் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கரண்டு வைக்கும் இடத்தில் டாக்டர் சொல்லாத எதையும் தடவாதீர்கள். இடத்தைக் குறிக்க அங்கே மையால் போட்டிருக்கும் கோடு அழியக் கூடாது. ஆக்ஸிஜன் ஓடும்போது உதட்டுக்கு வாசலைன் வேண்டாம்; எண்ணெய்ப் பசையும் ஆக்ஸிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தண்ணீர் சேர்ந்த ஜெல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

என்னென்ன வேண்டும்

எல்லாம் புதிதாக, அவருக்கு மட்டும். வீட்டில் நாலு பேர் தொட்ட கண் மை, பழைய பவுடர் பஃப் எதுவும் வார்டுக்குள் வரக் கூடாது. மணமில்லாத மாய்ஸ்சரைசர் ஒன்று. டப்பாவில் விரல் விட்டு எடுப்பது வேண்டாம், டியூபில் வாங்குங்கள். அடர் பழுப்பு ஐப்ரோ பென்சில், அதே நிறத்தில் மேட் ஐ ஷேடோ, சாய்ந்த முனை கொண்ட சின்ன பிரஷ், காது பட்ஸ், ஸ்பிரிட் பஞ்சு. பென்சிலை ஒவ்வொரு முறையும் சீவி, முனையை ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டுத்தான் முகத்தில் வைக்க வேண்டும்.

வாசனை எதுவும் வேண்டாம். ரோஸ் வாட்டர் வாசம் கூட கீமோ நாளில் குமட்டும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் சேர்த்துத்தான்.

முடி

எல்லாக் கீமோவிலும் முடி கொட்டாது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகளில் பெரும்பாலும் கொட்டும். முதல் ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும். அதுவரை காத்திருக்காமல் முன்கூட்டியே குட்டையாக வெட்டிவிட்டால் தலையணை முழுக்க நீள முடி கிடக்கிற காட்சி இருக்காது.

பிளேடு கூடாது, ட்ரிம்மர்தான். கோயிலில் மொட்டை நேர்ந்திருந்தாலும் கவுண்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்கியிருக்கும் நாளில் கத்தி வைக்க விடாதீர்கள். பிளேட்லெட் குறைவாக இருந்தால் சின்ன வெட்டும் ரத்தம் நிற்காமல் கசியும். வேண்டுதலைச் சிகிச்சை முடிந்த பிறகும் செலுத்தலாம். வெட்டிய பின் குத்தும் துண்டு முடிகளைத் துணியில் ஒட்டும் ரோலரால் மெல்ல ஒற்றி எடுக்கலாம்.

புருவம்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

தலைமுடி போனால் துணி கட்டிக்கொள்ளலாம். புருவம் போனால் முகமே வேறு யாருடையதோ போலத் தெரியும். அதனால் முடி கொட்டும் முன்பே, நேர் வெளிச்சத்தில், முகத்தை நேராக வைத்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

முதல் தவறு, படுத்திருக்கும்போதே வரைவது. படுத்தால் நெற்றித் தோல் காது பக்கமாகச் சரியும். எழுந்து உட்கார்ந்ததும் வரைந்த புருவம் இடம் மாறி நிற்கும். கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தபின் தொடங்குங்கள்.

இரண்டாவது தவறு, க்ரீம் போட்ட கையோடு வரைவது. முடியில்லாத தோலில் பென்சில் பிடிக்க எதுவும் இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். மாய்ஸ்சரைசர் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

இனி அளவு. ஐஸ்கிரீம் குச்சியை மூக்குச் சிறகின் ஓரத்தில் வைத்து நேராக மேலே நிறுத்துங்கள். கண்ணின் உள்மூலையைத் தாண்டி எங்கே போகிறதோ அங்கே முதல் புள்ளி. கீழ் முனையை நகர்த்தாமல் கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாய்த்தால் வளைவின் உச்சி. இன்னும் சாய்த்துக் கண்ணின் வெளிமூலையைத் தொட்டால் முடிவு. இரண்டு பக்கமும் ஆறு புள்ளிகளையும் வைத்து, போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கோடு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இரண்டும் ஒருநாளும் சேராது.

ஒரே இழுப்பில் கோடு போடாதீர்கள். முடி முளைக்கும் திசையில் குட்டிக் குட்டிக் கீற்றுகள்; மூக்குப் பக்கம் மேல்நோக்கி, வளைவைத் தாண்டினால் வெளிப்பக்கமாகச் சாய்த்து. அதன்மேல் ஐ ஷேடோவைப் பிரஷால் லேசாக அழுத்துங்கள். சேலத்து ஏப்ரல் வெயிலில், மின்விசிறி மட்டும் ஓடும் வார்டில், பவுடர் நிற்கும் அளவுக்குப் பென்சில் மட்டும் நிற்காது. கறுப்புப் பென்சிலை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். வெளுத்துப்போன முகத்தில் அது ஒட்டவைத்ததுபோல் தெரியும்.

ஆண்களுக்கும் இதே முறைதான். கீற்றைக் கொஞ்சம் அகலமாக, வளைவைக் குறைத்துப் போட்டால் போதும்.

தலைத்துணி

விக்கை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார்டில் வியர்த்து அரிக்கும். பட்டுத் துணி மொட்டைத் தலையில் நழுவும். பழகி மெலிந்த காட்டன் புடவையில் ஒரு மீட்டர் சதுரம் வெட்டி, ஓரம் அடித்து, துவைத்துக்கொள்ளுங்கள். முக்கோணமாக மடித்து, மடிப்பு புருவத்துக்கு இரண்டு மூன்று விரல் மேலே வரும்படி வைத்து, பின்கழுத்தில் கட்டுங்கள். முடிச்சு நடுவில் வேண்டாம், படுக்கும்போது அழுத்தும்; பக்கவாட்டில், கழுத்திலோ மார்பிலோ போர்ட் (மருந்து ஏற்றும் குழாய் அமைப்பு) வைத்த பக்கத்துக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும்.

ஏற்காட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. மலையின் குளிருக்குக் கம்பளிக் குல்லாவை நேராகப் போட்டால் தோல் எரியும். உள்ளே பனியன் துணிக் குல்லா ஒன்று போடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வயிறு புரளும், அதனால் அலங்காரத்தை எல்லாம் சேலம் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குளிராக இருக்கிறதே என்று வெயிலை லேசாக நினைக்காதீர்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் சமவெளியைவிடக் கூடுதல். 5-எஃப்யூ, கேபசிடாபின் என்ற கீமோ மருந்துகள் எடுப்பவர்களுக்குத் தோல் சுலபமாகக் கறுக்கும். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் வேண்டும். கறுத்துவிட்டதே என்று சிவப்பழகு க்ரீம் தேடிப் போகாதீர்கள். அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டும் பாதரசமும் கலந்திருக்கும்.

நகம், உதடு

நெயில் பாலிஷும் மருதாணியும் வேண்டாம். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி அடர் நிறத்தில் தவறாகக் காட்டலாம், டாக்டர் நகத்தின் நிறத்தையும் பார்ப்பார். வாய் புண்ணாக இருந்தால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் உப்பு ஒரு டீஸ்பூன், ஆப்பசோடா ஒரு டீஸ்பூன் கலந்து நாளுக்கு நாலைந்து முறை கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். லிப்ஸ்டிக்கெல்லாம் புண் ஆறிய பிறகு.

பிறகு சேர்த்தது: பொட்டு, பூ, மஞ்சள்

இந்த மூன்றைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் தழும்பு உண்டாக்கும். தோல் மெலிந்திருக்கும் காலத்தில் அதைத் தவிர்த்து, மெரூன் நிற லிப் பென்சிலால் வட்டமாக வரைந்துவிடுங்கள்.

வ.உ.சி. மார்க்கெட்டில் வாங்கிய மல்லிகை எவ்வளவு புதிதாக இருந்தாலும் கவுண்ட் குறைந்தவரின் தலைமாட்டில் வேண்டாம். பூவிலும் ஈரத்திலும் பூஞ்சையும் கிருமியும் இருக்கும். துணிப்பூவைத் தலைத்துணியில் தைத்துக் கொடுங்கள், துணியோடு சேர்த்தே துவைத்துக்கொள்ளலாம்.

மஞ்சள் பூசினால் மஞ்சள் காமாலை தெரியாமல் போகும். கீமோ நடக்கும்போது டாக்டர்கள் கல்லீரலைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள், அவர்கள் பார்க்கும் முகத்தில் மஞ்சள் இருக்கக் கூடாது. "ஒருநாள்தானே, வெள்ளிக்கிழமை" என்று பெரியவர்கள் கேட்டால், மஞ்சள் கிழங்கு ஒன்றைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிடச் சொல்லுங்கள். வார்டில் படம் இல்லையென்றால் போனில் ஒரு படம் போதும்.