பாதி பிடித்த நாவலுக்கு மதிப்புரை எழுதுவது எப்படி: ‘ஃபேன்கேர்ல்’ நாவலை முன்வைத்து

மிகவும் பிடித்த நாவலைப் பற்றி எழுதுவது எளிது. அறவே பிடிக்காததைப் பற்றி எழுதுவது அதைவிட எளிது. பிடித்தும் பிடிக்காமலும் மனத்தில் தங்கிவிட்ட நாவலுக்கு மதிப்புரை எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. அந்தத் தயக்கத்தைப் பலரும் ஒரே வழியில் கடந்துவிடுகிறார்கள்: நிறைகளில் மூன்று, குறைகளில் மூன்று என்று வரிசைப்படுத்தி, ‘ஒருமுறை படிக்கலாம்’ என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிப்பட்ட மதிப்புரையைப் படித்தவருக்கு நாவலைப் பற்றியும் தெரிவதில்லை, மதிப்புரையாளருக்கு உண்மையில் என்ன நேர்ந்தது என்பதும் தெரிவதில்லை.

இந்த வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டாக ரெயின்போ ரோவெல் எழுதி 2013இல் வெளிவந்த ‘ஃபேன்கேர்ல்’ என்ற இளையோர் நாவலை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரியின் முதலாண்டு, ரசிகர் உலகம், மனப்பதற்றம் ஆகிய மூன்றையும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் பின்னியிருக்கும் இந்நாவல், படித்தவர்களிடம் அன்பையும் சலிப்பையும் ஒருங்கே எழுப்பக்கூடியது என்பதால் நம் தேவைக்குப் பொருத்தமானது.

கதைச்சுருக்கத்தை முதலில் எழுதி முடித்துவிடுங்கள். அதற்கு ஒரு பத்திக்கு மேல் இடம் கொடுக்க வேண்டாம். ஒமாஹா நகரைச் சேர்ந்த கேத் என்ற பெண், தன் இரட்டைச் சகோதரி ரென்னுடன் லிங்கனில் உள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சேர்கிறாள். ரென் அவளுடன் ஒரே அறையில் தங்க மறுத்துவிடுவதால், ரேகன் என்ற மூத்த மாணவியின் அறையில் அறிமுகமற்றவளாகத் தங்க நேர்கிறது. ‘சைமன் ஸ்னோ’ என்ற கற்பனையான மந்திரக் கதைத் தொடருக்கு ரசிகர் புனைவு (பிறர் படைத்த மாந்தரையும் உலகையும் வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதி இணையத்தில் ஆயிரக்கணக்கான வாசகர்களைப் பெற்றிருக்கும் அவளுக்கு, விடுதியின் உணவுக்கூடத்திற்குள் தனியாக நுழையும் துணிவு இல்லை. இருமுனைக் கோளாறுடைய தந்தையைத் தனியே விட்டுவந்த கவலையும், சிறு வயதில் தங்களைக் கைவிட்டுச் சென்ற தாயின் நினைவும், லீவை என்ற இளைஞன்மீது வளரும் ஈடுபாடும் சேர்ந்து அந்த ஓராண்டு நகர்கிறது. மதிப்புரைக்கு இவ்வளவு கதை போதும். ரென்னின் குடிப்பழக்கம் எங்கே கொண்டுபோய் விடுகிறது, தாய் திரும்பி வருகிறாளா என்பவற்றை வெளியிடாமலே நம் கருத்தைச் சொல்லிவிட முடியும்.

எங்கே பிடித்தது, எங்கே கசந்தது

படிக்கும்போதே குறிப்பெடுப்பது நல்லது. ஆனால் ‘நன்றாக இருக்கிறது’, ‘இழுக்கிறது’ என்று ஓரத்தில் கிறுக்கிவைக்கும் குறிப்புகள் பிறகு உதவுவதில்லை. ஒவ்வொரு குறிப்பிலும் மூன்று செய்திகள் இருக்கட்டும்: எந்தக் காட்சி, அதில் உங்களுக்கு என்ன தோன்றியது, அப்படித் தோன்றச் செய்தது எழுத்தா அல்லது உங்கள் சொந்த வாழ்க்கையா. மூன்றாவது கேள்வியை இத்தகைய நாவல்களில் தவிர்க்கவே கூடாது. கல்லூரியின் முதல் வாரத்தில் யாருடனும் பேசாமல் அறைக்குள் அடைந்து கிடந்த ஒருவர் கேத்தைப் படிக்கும்போது அடையும் நெகிழ்ச்சியில், எழுத்தாளரின் திறனுக்கு எவ்வளவு பங்கு, படிப்பவரின் நினைவுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துப் பார்ப்பது கடினம். முழுவதும் பிரித்துவிட முடியாவிட்டாலும், பிரிக்க முயன்றதன் தடம் மதிப்புரையில் தெரிய வேண்டும். ‘என்னைப் போன்றவள் என்பதால் பிடித்தது’ என்று வெளிப்படையாக எழுதுவதில் இழுக்கு ஏதுமில்லை. அந்த வாக்கியமே நாவலின் தரத்துக்குச் சான்றாக நிற்கும்போதுதான் சிக்கல்.

குறிப்புகள் சேர்ந்த பிறகு, பிடித்தவற்றையும் பிடிக்காதவற்றையும் தனித்தனிப் பட்டியலாக்காமல், அவற்றுள் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எவை என்று தேடுங்கள். பாதி பிடித்த நாவலைப் பற்றிய நல்ல மதிப்புரை பெரும்பாலும் இந்தத் தேடலில்தான் பிறக்கிறது. ‘ஃபேன்கேர்ல்’ நாவலைப் பற்றி அடிக்கடி சொல்லத் தோன்றும் குறை, அது மெதுவாக நகர்கிறது என்பது. அடிக்கடி சொல்லத் தோன்றும் நிறை, கேத்தின் பதற்றம் உண்மையாக இருக்கிறது என்பது. இரண்டையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதிவிட்டால் அவை தொடர்பற்ற இரு கருத்துகளாகவே நிற்கும். நாவல் படர்க்கையில் சொல்லப்பட்டாலும் கதைசொல்லி கேத்தின் தோளைவிட்டு அகலுவதே இல்லை; அவள் ஒரு கதவைத் திறப்பதற்கு முன் எத்தனை முறை யோசிக்கிறாளோ அத்தனை முறையும் நாமும் உடன் நிற்க வேண்டியிருக்கிறது. பதற்றம் உண்மையாகத் தோன்றுவதற்குக் காரணமும் அந்த நெருக்கம்தான், பக்கங்கள் நகராததற்குக் காரணமும் அதுதான். இதைக் கண்டுகொண்டால், ‘இந்த விலையைக் கொடுத்தது தகுமா’ என்ற கேள்விக்கு மதிப்புரையில் விடை சொல்லலாம். என் கணிப்பில் முதல் பாதியில் அது தகும். பின்பாதியில், அவள் தெளிவு பெறத் தொடங்கிய பிறகும் நடை மாறாமலிருப்பதால், தகாது.

பதற்றத்தைப் பற்றி எழுதுகையில்

மதிப்புரையாளர் மருத்துவராகிவிடக் கூடாது. கேத்துக்கு இருப்பது சமூகப் பதற்றக் கோளாறா, பொதுவான பதற்றக் கோளாறா என்று நோய்ப்பெயர் சூட்டுவது நம் வேலை இல்லை. பொதுவான பதற்றக் கோளாறு என்று முடிவு செய்வதற்கு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டின்படி, அளவுகடந்த கவலை குறைந்தது ஆறு மாதங்கள் பெரும்பாலான நாள்களில் நீடித்திருக்க வேண்டும் என்பது உட்படப் பல நிபந்தனைகள் உண்டு. கதைமாந்தரை அந்த அட்டவணைக்குள் அடைத்துவிட்டால் கதை மறைந்து அட்டவணை மட்டுமே எஞ்சும்.

அதற்கு மாறாக, பதற்றம் என்ன செய்கிறது என்பதை நாவல் எவ்வாறு காட்டுகிறது என்று பாருங்கள். கேத் வாரக்கணக்கில் உணவுக்கூடத்துக்குப் போகாமல் புரதக் கட்டிகளையும் கடலை வெண்ணெயையும் தின்று நாள்களைக் கழிக்கிறாள். உணவுக்கூடம் எங்கே இருக்கிறது, வரிசை எங்கே தொடங்குகிறது, தட்டை எடுத்துக்கொண்டு எங்கே உட்காருவது என்பவை தெரியாததும், தெரியாததைப் பிறரிடம் கேட்க முடியாததும்தான் காரணம். அஞ்சும் இடத்தைத் தவிர்க்கத் தவிர்க்க அன்றைக்கு நிம்மதி கிடைக்கிறது, அச்சமோ வளர்கிறது என்பது உளவியலில் நன்கு நிலைநாட்டப்பட்ட செய்தி. நாவல் அதை ஒரு வரிகூட விளக்காமல் ஓர் இழுப்பறை நிறைய உணவுக் கட்டிகளாகக் காட்டிவிடுகிறது. மேற்கோள் காட்டிப் பாராட்ட வேண்டிய இடம் இதுதான். ‘பதற்றத்தை அருமையாகச் சித்திரித்திருக்கிறார்’ என்ற பொதுவான புகழுரையைவிட, இந்த ஒரு காட்சியை எடுத்துக்காட்டி விளக்குவது வாசகருக்கு அதிகம் சொல்லும்.

குறை சொல்ல வேண்டிய இடமும் அருகிலேயே இருக்கிறது. கேத் வெளியே வருவதற்கு உதவுபவர்கள் பெரும்பாலும் தற்செயலாக வாய்த்த நல்ல மனிதர்கள்: முரட்டுத்தனமாக உணவுக்கூடத்துக்கு இழுத்துச் செல்லும் ரேகன், சலிக்காமல் சிரித்துக்கொண்டே காத்திருக்கும் லீவை. அத்தகைய அறைத்தோழி வாய்க்காத மாணவிக்கு இக்கதை என்ன சொல்கிறது என்று மதிப்புரையாளர் கேட்கலாம். ஆனால் இளையோர் நாவல் என்பதாலேயே அது மனநல அறிவுரைக் கையேடாக இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. காதலும் நட்பும் கேத்தைக் குணப்படுத்திவிடுகின்றன என்று நாவல் சொல்கிறதா, அல்லது துணையிருந்தால் அடுத்த அடியை எடுத்துவைக்க முடிகிறது என்று மட்டும் சொல்கிறதா? நான் இரண்டாவதையே வாசிக்கிறேன். வேறு விதமாக வாசிப்பவர், அதற்கான காட்சியைச் சுட்டிக்காட்டினால் போதும்.

ரசிகர் உலகத்தைப் பற்றி எழுதுகையில்

இப்பகுதிக்குப் பின்னணி அறிவு கொஞ்சம் தேவை. ரசிகர் புனைவு இணையத்தோடு பிறந்ததில்லை. 1967லேயே ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற கையிதழை வெளியிட்டிருக்கிறார்கள். இத்தகைய கதைகளுக்கான இணையத்தளங்களில் ‘ஃபேன்ஃபிக்ஷன் டாட் நெட்’ 1998இலும், இலாப நோக்கற்ற ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ தளம் 2009இலும் தொடங்கின. பின்னது 2019இல், அறிவியல் புனைவுக்கும் மிகைபுனைவுக்கும் வழங்கப்படும் ஹியூகோ விருதையும் பெற்றது. ‘ஃபேன்கேர்ல்’ வெளிவந்தபோது அந்த அளவுக்கு மதிப்பு இவ்வெழுத்துக்குக் கிடைத்திருக்கவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கேத்தின் கூச்சமும் பிடிவாதமும் விளங்கும்.

நாவலின் மையமான மோதல் இங்கேதான் நிகழ்கிறது. புனைகதை வகுப்பில் கேத் சைமன் ஸ்னோ கதைமாந்தரை வைத்து எழுதிய கதையைச் சமர்ப்பிக்க, பேராசிரியர் பைப்பர் அதைக் கருத்துத்திருட்டு என்று சொல்லித் தேர்ச்சி தர மறுத்துவிடுகிறார். இந்த இடத்தில் மதிப்புரையாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது பெரும்பாலும் அவருடைய பழைய சார்புகளால் முன்பே தீர்மானிக்கப்பட்டிருக்கும். ரசிகர் புனைவு எழுதியவருக்குப் பேராசிரியர் வில்லி. எழுதாதவருக்குக் கேத் குழந்தைத்தனமானவள். ஆகவே உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியத்தில் அறிவித்துவிட்டு, நாவல் இரு தரப்புக்கும் நியாயம் செய்திருக்கிறதா என்பதை ஆராயுங்கள். மாந்தரையும் உலகையும் கடன்பெற்று எழுதுபவர் அதை மறைப்பதில்லை என்பதால் அது திருட்டாகாது என்பது என் நிலைப்பாடு. அப்படியிருந்தும், சொந்தக் கதையை எழுத அஞ்சி அந்த உலகத்துக்குள் ஒளிந்துகொள்கிறாய் என்ற உட்பொருளில் பைப்பர் அவளைத் தூண்டுவதை நாவல் ஏளனம் செய்யாமல் விட்டிருப்பது நேர்மையானது. ரசிகர் புனைவு கேத்துக்கு வீடாகவும் இருக்கிறது, வீட்டைவிட்டு வெளியேறாமலிருக்கக் கிடைத்த சாக்காகவும் இருக்கிறது.

அதிகாரங்களுக்கு இடையில் வரும் சைமன் ஸ்னோ பகுதிகள் பலருடைய பொறுமையைச் சோதிக்கும். ஜெம்மா டி. லெஸ்லி என்ற கற்பனை எழுத்தாளரின் தொடரிலிருந்து சில, கேத் எழுதியவற்றிலிருந்து சில என்று அவை மாறி மாறி வருகின்றன. இவை தேவையா என்று முடிவு செய்ய எளிய சோதனை உண்டு: ஓர் அதிகாரத்தை அதையொட்டிய பகுதி இல்லாமல் ஒருமுறையும், அதனுடன் ஒருமுறையும் படியுங்கள். கேத்தின் எழுத்து, அவள் பேச முடியாத ஏதோ ஒன்றைப் பேசுகிறது என்று தோன்றினால் அப்பகுதி இடத்துக்கு உரியது. வெறும் அலங்காரமாகத் தோன்றினால் அதை அப்படியே சொல்லிவிடலாம். லெஸ்லியின் பெயரில் வரும் துண்டுகளில் பாதியையாவது நீக்கியிருந்தால் நாவல் இழந்திருக்கக்கூடியது மிகக் குறைவு. சைமனை வைத்து ரோவெல் 2015இல் ‘கேரி ஆன்’ என்ற தனி நாவலே எழுதினார் என்பதைக் குறிப்பிடலாம். ஆனால் பின்னால் வந்த நூலின் சுவையைக் கொண்டு முந்தைய நூலின் குறையை நியாயப்படுத்தக் கூடாது.

காதல் பகுதியைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. லீவை அளவுக்கு மீறி நல்லவனாக இருக்கிறான் என்பதும், சேர்ந்து எழுதிய கதையைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் நிக் என்ற மாணவன் இன்னும் கூர்மையாக வரையப்பட்டிருக்கிறான் என்பதும் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

வயதைப் பற்றி ஒரு சொல். பதினெட்டு வயதுப் பெண்ணின் கல்லூரிக் கதை, பள்ளி மாணவர்களுக்கான பகுப்பில் வைக்கப்படும்போது எதிர்பார்ப்புகள் குழம்புகின்றன. இந்நாவலை வெளியிட்ட செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகமே 2009இல் இந்த இடைப்பட்ட வயதினருக்கென ‘நியூ அடல்ட்’ என்ற பெயரில் எழுத்துகளை வரவேற்றுப் போட்டி நடத்தியிருக்கிறது. முப்பது வயதில் இதைப் படித்துவிட்டு ‘சிறுபிள்ளைத்தனம்’ என்று எழுதுபவர், தம் வயதையும் சேர்த்து எழுதுவது நல்லது.

எழுதும் வரிசை

கடைசியாகச் சொல்லப்படுவதையே வாசகர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். புகழ்ந்துவிட்டுக் குறையில் முடித்தால் நாவல் தோற்றதாகவும், குறை கூறிவிட்டுப் புகழில் முடித்தால் வென்றதாகவும் படும். எனவே எதைக் கடைசியில் வைப்பது என்பதை வழக்கத்துக்கு விட்டுவிடாமல் எண்ணிச் செய்யுங்கள். நிறையும் குறையும் ஒரே காரணத்திலிருந்து வந்தவை என்று கண்டிருந்தால், அவற்றை ஒரே பத்தியில், இயலுமானால் ஒரே வாக்கியத்தில் வைத்துவிடலாம்: ‘கேத்தின் தலைக்குள்ளேயே நம்மை நிறுத்திவைத்ததால் அவளுடைய அச்சம் நம்முடையதாகிறது, அதே காரணத்தால் ரென் என்ற சகோதரி, தன் சொந்தத் துயரமும் கொண்ட ஒரு பெண்ணாக நமக்குத் தெரிவதற்குள் நாவல் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.’

நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் கட்டாயம் இருந்தால், ஐந்துக்கு மூன்று என்ற எண், எல்லாமே சுமாராக இருந்த நூலுக்கும் சில இடங்களில் உயர்ந்து சில இடங்களில் சரிந்த நூலுக்கும் ஒன்றுபோலவே பொருந்திவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். எண்ணுக்குக் கீழே, இதை யாருக்குப் பரிந்துரைப்பீர்கள், யாரை எச்சரிப்பீர்கள் என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ‘ஃபேன்கேர்ல்’ நாவலை, விடுதியில் புதிதாகச் சேர்ந்திருப்பவருக்கும் இணையத்தில் புனைபெயரில் எழுதுபவருக்கும் தயங்காமல் கொடுக்கலாம்; கதை நிகழ்வுகளால் வேகம் பிடிக்க வேண்டும் என்று விரும்புபவரையும், பெற்றோரின் மனநோயோ கைவிடப்பட்ட குழந்தைப்பருவமோ அண்மையில் நேர்ந்த காயமாக இருப்பவரையும் அவை நாவலில் பெரிய இடம் பெறுகின்றன என்று முன்கூட்டியே சொல்லி எச்சரிக்க வேண்டும்.