காப்பக நாய்க்கு இடைக்கால வீடு: அவசரத்தில் நடக்கும் தவறுகள்

நிரந்தர வீடு கிடைக்கும்வரை பார்த்துக்கொள்ள எடுத்த காப்பகத்து நாய் வந்து இறங்கிய அன்றே கிணற்றடிக்கு இழுத்துச் சென்று வாளி வாளியாக ஊற்றுவதை யாழ்ப்பாணத்தில் பலர் அன்பு என்றே நினைக்கிறார்கள். நாய்க்கோ அது கலவரம். முதல் சில நாட்களுக்கு விறாந்தையில் ஒரு மூலை, தண்ணீர், நேரத்துக்குச் சோறு, இவை போதும். பார்க்க ஆசைப்படும் அயலட்டைப் பிள்ளைகள் அடுத்த கிழமை வரட்டும். குளிப்பைத் தள்ளிப்போடலாம், வேலியைப் பார்ப்பதைத் தள்ளிப்போட முடியாது. பயந்த நாய் படலையைத் தேடாது, வேலிப் பொட்டைத்தான் தேடும்.

வீட்டு நாயோடு உடனே பழகவிடுவது இதைவிடப் பெரிய தவறு. பார்வோ என்னும் குடலைத் தாக்கும் வைரஸ் தொற்றிய குட்டி பெரும்பாலும் 3 முதல் 7 நாட்கள் கழித்தே வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக விழும். சில வேளை இரண்டு கிழமையும் ஆகும். வந்த அன்று துள்ளி விளையாடியது எதற்கும் சான்று அல்ல. ஆகவே 14 நாட்கள் தனி இடம், தனிக் கோப்பை, முடிந்தால் அங்கே போய்வரத் தனிச் செருப்பு. வீட்டில் பாவிக்கும் பெரும்பாலான கிருமிநாசினிகளுக்கு இந்த வைரஸ் அசையாது. சீமெந்துத் தரையை நன்றாகக் கழுவிய பிறகு, 30 பங்கு நீரில் 1 பங்கு பிளீச் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். செம்மண் முற்றத்தில் அது சரிவராது. மண்ணில் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பார்வோவில் குட்டி இறந்த வளவுக்கு, தடுப்பூசி முடியாத இன்னொரு குட்டியைக் கொண்டுவரவே கூடாது. ‘முடிந்தது’ என்றால் ஓர் ஊசி அல்ல. 6 முதல் 8 கிழமை வயதில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒன்றாக, 16 கிழமை வயது வரை.

சொறிக்கு வாகனக் கழிவு எண்ணெய் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. நாய் அதை நக்கும், நஞ்சு உள்ளே போகும். காய்ச்சலுக்குப் பனடோல் கொடுப்பதும் வேண்டாம். அளவு மிஞ்சினால் ஈரல் கெட்டுவிடும். “புது இடம், அதுதான் சாப்பிடவில்லை” என்று நாட்களைக் கடத்துவதும் ஆபத்து. உண்ணி இருந்த நாயின் முரசு (பல் ஈறு) வெளிறி, உடம்பு சுட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கால்நடை வைத்தியரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். கடித்துவிட்டால், சிறு கீறலானாலும், ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சளும் கோப்பித்தூளும் சமையலறையிலேயே இருக்கட்டும்.

இடைக்கால வீடு என்பது நாயைத் தங்கவைக்கும் இடம் மட்டுமல்ல. கூண்டுக்குள் தெரியாத குணம் வீட்டுக்குள்தான் தெரியவரும். கோழியைக் கண்டால் பாய்கிறதா, சைக்கிளைத் துரத்துகிறதா, கோயில் வெடிக்கு நடுங்குகிறதா, கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமுகிறதா? இவற்றைக் கவனித்து எழுதி வையுங்கள். சொன்னால் எடுக்கமாட்டார்கள் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மறைத்துக் கொடுத்த நாய், முதல் கோழி செத்த அன்றே திரும்பி வரும், அல்லது இரவோடு இரவாகச் சந்தையடியில் விடப்படும்.

எடுக்க வருபவரிடமும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். வாடகை வீடு என்றால் உரிமையாளர் சம்மதித்தாரா? பகல் முழுவதும் சங்கிலியா? நம் ஊருக்கே உரிய கேள்வி ஒன்று உண்டு: விசாவுக்குக் காத்திருக்கிறீர்களா? பிள்ளைகள் கனடா போய்விட, முழங்கால் நோவோடு இருக்கும் அம்மம்மாவின் தலையில் விழுந்த நாய்கள் இங்கே ஏராளம். காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்பதல்ல. பிறகு யார் பார்ப்பார் என்பதை, பார்க்கப்போகிறவரின் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடுவன்தான் வேண்டும் என்று வருபவர்களே அதிகம் என்பதால், பெட்டையைக் கேட்டு ஒருவர் வந்ததும் மகிழ்ச்சியில் உடனே தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். “கருத்தடையை நாங்களே செய்விக்கிறோம்” என்ற வாக்கை நம்ப வேண்டாம். ஆறு மாதத்திலேயே பருவமடையும் பெட்டை, சினைப்பட்டு ஏறக்குறைய 63 நாட்களில் குட்டி போடும். சத்திரசிகிச்சை முடிந்து, தையல் ஆறிய பிறகு கொடுங்கள். வயது போதாத குட்டியானால், திகதி குறித்து அழைத்துச் செல்லும் பொறுப்பை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் நாய் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்.