பெங்களூரில் மெக்சிகோ வீட்டுச் சமையல் செய்வது எப்படி

மெக்சிகோ சாப்பாடு என்றதும் சீஸ் வழியும் நாச்சோஸ் தட்டு நினைவுக்கு வருகிறதா? முதலில் அதை மறந்துவிடுங்கள். மெக்சிகோவின் புவெப்லா நகரில் கட்டடக்கலை படித்தபோது நான் ஒரு வீட்டில் பணம் கட்டித் தங்கியிருந்தேன். அந்த வீட்டு மேசைக்கு நாச்சோஸ் வந்ததே இல்லை. தக்காளிச் சாற்றில் வெந்த சேமியா வந்தது, சிவப்புச் சோறு வந்தது, சட்டியோடு ராஜ்மா வந்தது, துணியில் பொதிந்த சூடான டார்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டி வந்தது. இப்போது அல்சூரில் எங்கள் வீட்டில் நான் சமைப்பதும் இவற்றைத்தான். தேவையான சாமான்களில் முக்கால்வாசி உங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கின்றன.

அங்கே படிக்கப் போகிறவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. பகலின் பெரிய சாப்பாடு இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள்தான். பன்னிரண்டரைக்கே பசிக்கும் நம் வயிற்றை அதற்குப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஃபோண்டா என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளில் 'கொமீதா கொர்ரீதா' என்ற பெயரில் அளவுச் சாப்பாடு கிடைக்கும்: சூப், சோறு, குழம்போடு ஒரு கறி, ராஜ்மா, குடிக்கப் பழம் கரைத்த நீர். வாரநாளில் போய், பெயர் தெரியாத கறியாகப் பார்த்துக் கேளுங்கள். உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று சீக்கிரமே தெரிந்துவிடும். சைவர்கள் "யேவா மந்தேகா?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. பன்றிக்கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று கேட்பது அது. மசித்த ராஜ்மாவில் பெரும்பாலும் இருக்கும். சோற்றையும் பல வீடுகளில் கோழி வெந்த நீரில்தான் வேகவைப்பார்கள். அதையும் தனியாகக் கேளுங்கள்.

சமையலைச் சேமியாவில் தொடங்குங்கள், தோற்கவே முடியாது. 150 கிராம் கோதுமைச் சேமியாவை இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் கை விடாமல் கிளறிச் செம்பழுப்பாக வறுக்க வேண்டும். நெய் வேண்டாம், பாயச வாசனை வந்துவிடும். மூன்று பழுத்த தக்காளி, கால் வெங்காயம், ஒரு பல் பூண்டு ஆகியவற்றைப் பச்சையாகவே அரைத்து, வடிகட்டி, வறுத்த சேமியாவில் ஊற்றுங்கள். சாறு சுண்டி நிறம் கறுத்ததும் ஒரு லிட்டர் வெந்நீரும் உப்பும் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கடுகுக்கும் கறிவேப்பிலைக்கும் கை தானாகப் போகும், அடக்கிக்கொள்ளுங்கள். இது உப்புமா அல்ல, கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிக்க வேண்டியது. மேலே எலுமிச்சையும் இரண்டு துண்டு பட்டர் ஃப்ரூட்டும். பெங்களூரில் அந்தப் பழத்தைச் சர்க்கரையும் பாலும் போட்டு அடித்தே பழகியவர்களுக்கு உப்போடு தின்பது முதலில் விநோதமாகத்தான் இருக்கும்.

சிவப்புச் சோறும் இதே வழிதான். கழுவி நன்றாக வடித்த சோனா மசூரியை எண்ணெயில் வறுத்து, அதே தக்காளி விழுதைச் சேர்த்து, விழுதும் நீருமாக ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் மூடி வேகவையுங்கள். இடையில் கிளறாதீர்கள்.

உண்மையான வேலை மக்காச்சோளத்தில்தான் இருக்கிறது. கடையில் வாங்கும் மக்காச்சோள மாவில் டார்ட்டியா தட்டினால் ஓரமெல்லாம் வெடிக்கும், மடித்தால் உடையும். மெக்சிகோவில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்ட பிறகே அரைக்கிறார்கள். தோல் கழன்று, மாவுக்குப் பிசுக்கும் மணமும் வருவது அதனால்தான். சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினையும் அந்தச் சுண்ணாம்பே விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தைக் கொண்டுபோனார்கள், இந்த முறையைக் கொண்டுபோகவில்லை. சோளத்தையே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகள், நயாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோயில் விழுந்தார்கள். 2010-ல் யுனெஸ்கோ மெக்சிகோவின் மரபுச் சமையலை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது எடுத்துச்சொன்ன நுட்பங்களில் இதுவும் ஒன்று.

சோளம் வாங்குவதில் கவனம் தேவை. ஸ்வீட் கார்னும் பாப்கார்னும் உதவாது. கே.ஆர். மார்க்கெட் பக்கத் தானியக் கடைகளில் சாப்பாட்டுக்கென்று விற்கும் காய்ந்த மக்காச்சோளம் கேளுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் வேண்டாம். விதைக்கடைச் சோளத்தை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். அதில் பூச்சிமருந்து பூசியிருப்பார்கள், இளஞ்சிவப்பு நிறமே காட்டிக்கொடுத்துவிடும். சுண்ணாம்பு, வெற்றிலைக்குப் போடும் நீற்றிய வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும், வாசனையோ நிறமோ சேராதது. சுவருக்கு அடிப்பதும், நீற்றாத சுட்ட சுண்ணாம்பும் ஆகாது. எங்கள் வீட்டில் அத்தையின் வெற்றிலைப் பெட்டிதான் எனக்குக் கடை. "வெற்றிலை போடாதவளுக்குச் சுண்ணாம்பு எதற்கு?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்.

அரைக் கிலோ சோளத்துக்கு உலர்ந்த சுண்ணாம்புத் தூள் 5 கிராம், குழைத்ததாக இருந்தால் சுமார் 10 கிராம். ஒன்றரை லிட்டர் நீரில் கரைத்து, எவர்சில்வர் பாத்திரத்தில் சோளத்தைப் போட்டு மெல்லிய தீயில் வேகவையுங்கள். அலுமினியம் கூடாது, சுண்ணாம்பு அதை அரித்துவிடும். நீர் மஞ்சளாக மாறும், மழை பெய்த மண்ணும் சோளமும் கலந்த வாசனை வீடெங்கும் எழும். அரைமணி நேரம் கழித்து ஒரு சோள மணியை எடுத்து விரல்களுக்கிடையே தேயுங்கள். தோல் வழுக்கிக் கழன்று, நடுப்பகுதி கடிக்க இன்னும் கெட்டியாக இருந்தால் அடுப்பை அணைத்துவிட்டு இரவு முழுக்க மூடி வையுங்கள். காலையில் இரண்டு மூன்று தண்ணீரில் தேய்த்துக் கழுவி கிரைண்டரில் போட்டு அரைக்க வேண்டும். தண்ணீரைத் தெளிக்கத்தான் வேண்டும், ஊற்றக் கூடாது. மாவு தளர்ந்துவிட்டால் வெள்ளைத் துணியில் கட்டிச் சிறிது நேரம் தொங்கவிடுங்கள். இத்தனை பொறுமை இல்லாதவர்கள் இப்படிச் சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தை அரைத்து உலர்த்திய, இணையத்தில் விற்கும் மாசா ஹரீனா மாவை வாங்கலாம். மணம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

எலுமிச்சை அளவு உருண்டையை நந்தினி பால் பாக்கெட்டைக் கழுவிப் பிரித்த இரண்டு தாள்களுக்கிடையே வைத்து, பூரி பிரஸ்ஸில் அழுத்துங்கள். நன்றாகக் காய்ந்த இரும்புத் தோசைக்கல்லில், எண்ணெய் இல்லாமல் முதல் பக்கம் இருபது விநாடி, அடுத்த பக்கம் ஒரு நிமிடம். மீண்டும் திருப்பித் துணியால் லேசாக அழுத்தினால் உப்பும். சுட்டதும் துணியில் பொதிந்து ஹாட்பாக்ஸில் போடுங்கள். கல்லிலிருந்து எடுத்த உடனே விறைப்பாகத் தெரியும், துணிக்குள் கொஞ்ச நேரம் வெந்த பிறகே மிருதுவாகும்.

ராஜ்மாவுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கறுப்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் ஜம்மு ராஜ்மா. இரவு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புது நீரில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டபின், அரை வெங்காயமும் இரண்டு பல் பூண்டும் போட்டுக் குக்கரை மூடுங்கள். உப்பு கடைசியில். மஞ்சள், சீரகம், கரம் மசாலா எதுவும் வேண்டாம். அங்கே எபசோதே என்ற கீரையைச் சேர்ப்பார்கள். கொத்தமல்லி அதற்கு ஈடாகாது, விட்டுவிடுங்கள்.

மிளகாயில் பெங்களூர்க்காரர்களுக்கு அதிர்ஷ்டம். மெக்சிகோ பக்கத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்த மிளகாய் ஹாவேரி மாவட்டத்து பியாடகியாக நம் கையில் இருக்கிறது: காரம் குறைவு, நிறம் அதிகம், அங்கத்திய குவாஹீயோ மிளகாய்க்கு நல்ல மாற்று. விதை நீக்கிய ஐந்து மிளகாயை வெந்நீரில் ஊறவையுங்கள். மூன்று தக்காளியையும் தோலோடு பூண்டையும் தோசைக்கல்லில் கருகக் கருகச் சுட்டு, பூண்டை உரித்து, எல்லாவற்றையும் அம்மியில் கொரகொரப்பாக அரைத்தால் சல்சா என்ற அந்த ஊர்ச் சட்னி தயார்.

சௌசௌவும் மெக்சிகோவிலிருந்து வந்ததுதான். கூட்டுக்கு நறுக்குவது போலப் பொடியாக நறுக்காமல், பெரிய துண்டுகளாகக் கோழி சூப்பிலோ காய்கறி சூப்பிலோ வேகவிடுங்கள். குடிக்க, காய்ந்த புளிச்சைப்பூவை ஒரு கைப்பிடி கொதிக்கவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் குளிரவைத்தால் ஹமாய்க்கா.

டார்ட்டியா மீந்தால் தூக்கிப் போடாதீர்கள். முக்கோணமாக வெட்டி ஒரு நாள் காயவிட்டு எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுங்கள். சல்சாவைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றி, பச்சை வெங்காயமும் கடைந்த தயிரும் உதிர்த்த பனீரும் தூவினால் சிலாகீலேஸ், ஞாயிற்றுக்கிழமைக் காலைச் சாப்பாடு. எல்லோரும் தட்டோடு உட்கார்ந்த பிறகே சல்சாவை ஊற்றுங்கள். பத்து நிமிடம் தாமதித்தாலும் ஊறிக் கூழாகிவிடும்.