ஐபிஎம் எம்க்யூ: கோடு எழுதும் முன் லைசென்ஸ் கணக்கு

அப்ளிகேஷன்களுக்கு இடையே மெசேஜ் கொண்டுபோகும் மென்பொருளான ஐபிஎம் எம்க்யூவில் புது அப்ளிகேஷன் தொடங்குபவர்கள் முதலில் கிளையன்ட், சர்வர் வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்ளிகேஷனை எம்க்யூவோடு இணைக்கும் கிளையன்ட் லைப்ரரிக்குக் காசு இல்லை. மெசேஜ்களை வரிசையில் வைத்துக் கையாளும் க்யூ மேனேஜர் ஓடும் சர்வருக்குத்தான் லைசென்ஸ். அதனால் ஒவ்வொரு அப்ளிகேஷன் சர்வரிலும் ஒரு க்யூ மேனேஜர் போடும் பழக்கம் தேவைதானா என்று பாருங்கள்.

டெவலப்பர்களுக்கு இலவசப் பதிப்பு உண்டு, ஆனால் புரொடக்‌ஷனில் அதை ஓட்டக் கூடாது. டெவலப்பர் கன்டெய்னர் இமேஜ் அப்படியே லைவுக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிற கூத்து. சந்தேகம் வந்தால் 'டிஎஸ்பிஎம்க்யூவெர்' (dspmqver) கமாண்டை ஓட்டுங்கள். லைசென்ஸ் வகையும் அதில் தெரியும்.

பெரிய செலவு ஒளிந்திருப்பது விர்ச்சுவல் மெஷினில். 32 கோர் ஹோஸ்டில் 4 கோர் மட்டும் எடுத்து ஓட்டினால், 4 கோருக்கு மட்டும் கட்ட பொதுவாக ஐஎல்எம்டி என்ற கணக்கெடுப்புக் கருவி ஓட வேண்டும், காலாண்டு அறிக்கைகளும் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆடிட்டில் 32 கோருக்கும் பில் வரலாம். ஸ்டாண்ட்பை சர்வரும் இலவசம் இல்லை, அதற்குத் தனி, குறைந்த விலை லைசென்ஸ்.

சப்போர்ட்டுக்குப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 9.3.0, 9.4.0 என்று மூன்றாவது எண் 0 ஆக இருந்தால் நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 9.3.1 போன்றவற்றில் புது வசதி சீக்கிரம் வரும், ஆனால் அடிக்கடி அப்கிரேடு செய்துகொண்டே இருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை டவுன்டைம் வாங்கவே படாதபாடு படும் டீம் என்றால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.