மிதமான எண்டோமெட்ரியோசிஸ் என்று ரிப்போர்ட் வந்தால் எதைப் பார்ப்பது, டாக்டரிடம் எதைச் சொல்வது

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதைத்தான். அதையும் பாருங்கள், ஆனால் மிதமானது எனப்படும் மூன்றாம் நிலையில் அதைவிட முக்கியம் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்பது.

எண்டோமெட்ரியோசிஸில் கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு சினைப்பையிலும் கர்ப்பப்பைக்குப் பின்னாலும் வளர்ந்து, மாதாமாதம் அங்கேயே கசிந்து, வெளியேற வழியில்லாமல் புண்ணாகிறது. புண் ஆறினால் தழும்பு, தழும்பு பக்கத்து உறுப்பைப் பிடித்து இழுக்கும். சினைப்பைக்குள் பழைய ரத்தம் தேங்கினால் அதுதான் சாக்லேட் கட்டி. கருக்குழாய் முறுக்கிக்கொள்ளலாம், கர்ப்பப்பை பின்பக்கம் இழுக்கப்பட்டு மலக்குடலோடு ஒட்டிக்கொள்ளலாம். வெறுமனே பின்பக்கம் சாய்ந்த கர்ப்பப்பை என்றால் பயம் வேண்டாம், எந்த நோயும் இல்லாத பல பெண்களுக்கும் அப்படி உண்டு. அது அசைகிறதா என்பதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள 'ஸ்லைடிங் சைன்' என்ற வரியைத் தேடுங்கள். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேனில் கருவியை லேசாக அழுத்தி, கர்ப்பப்பையும் மலக்குடலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். வழுக்கினால் பாசிட்டிவ், அது நல்ல செய்தி, பதறாதீர்கள். நெகட்டிவ் என்றால் ஒட்டியிருக்கிறது. அந்த வரியே இல்லையா, டாக்டரிடம் கேளுங்கள். நிலை எது என்பதை உறுதியாகச் சொல்வது லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சிறு துளை வழியே கேமரா விட்டு, நேரில் பார்த்துப் போடும் மதிப்பெண்தான், 16 முதல் 40 வரை மூன்றாம் நிலை. அதை வைத்து வலியை அளக்க முடியாது, முதல் நிலையிலேயே சுருண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று சொல்லும் அத்தைகளுக்கு இது புரியப்போவதில்லை, விடுங்கள்.

அப்புறம், வலியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தேதி, தூரமான எத்தனாவது நாள், எந்த இடம். மலம் போகும்போதா, உறவின்போதா, சிறுநீர் நிறைந்தாலா. கடலூரிலிருந்து பாண்டிக்குப் பஸ்ஸில் வரும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் குத்துகிறதென்றால் அதையும்தான். "அடிவயிறு வலிக்குது" என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும், "இரண்டாம் நாள் மலம் போகும்போது உள்ளே இழுக்குது" என்றால் டாக்டர் கர்ப்பப்பைக்குப் பின்பக்கம் தேடுவார். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமா, நோட்டை நீட்டிவிடுங்கள்.

பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள், பழைய ஸ்கேன் படங்கள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றோடும்.

ஆபரேஷன் என்று பேச்சு வந்தால், குழந்தை வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லி, முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கட்டியை உரித்தெடுக்கும்போது நல்ல சினைப்பைத் திசுவும் கொஞ்சம் போய், முட்டை இருப்பு குறையலாம். டையனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரை வலியை அடக்கும், ஒட்டியதைப் பிரிக்காது.

திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி, காய்ச்சல் அல்லது மயக்கம் என்றால் அடுத்த ஓபி நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம், கட்டி வெடித்தோ சினைப்பை முறுக்கியோ இருக்கலாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.