ஜெர்மனிக்கு ஜோடியாக வருபவர்களே, இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் மதுரையிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பதிக்குத் துணையாக நகர அலுவலகத்துக்குப் போயிருந்தேன். ஜெர்மனியில் வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையார் மனைவியைப் பார்த்து ஆங்கிலத்திலேயே பெயரைக் கேட்டார். கணவர் பதில் சொன்னார். பிறந்த தேதியைக் கேட்டார். அதையும் கணவரே சொன்னார். அந்தப் பெண் ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். அவள் எம்.எஸ்.சி. படித்து ஆறு வருடம் வேலை பார்த்தவள்.

2013 அக்டோபரில் ஸ்டுட்கார்ட்டில் அதே மாதிரி ஒரு ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எந்த கோட்டு வாங்க வேண்டும், குக்கர் கொண்டு வரலாமா என்பதையெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

வீட்டைப் பார்க்காமல் முன்பணம் அனுப்புவது

அனுப்பாதீர்கள். சாவி தபாலில் வரும் என்று சொல்பவர்களுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

அப்போஸ்டில் முத்திரை போதும் என்று நம்புவது

அப்போஸ்டில் என்பது நம் சான்றிதழ் வெளிநாட்டில் செல்லுபடியாக இந்திய அரசு போடும் முத்திரை. சென்னையில் அலைந்து திரிந்து சான்றிதழ்களுக்கெல்லாம் அதை வாங்கிக்கொண்டு நிம்மதியாக விமானம் ஏறுகிறார்கள். அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நம் ஊர் அப்போஸ்டில் இங்கே செல்லாது. பிறப்புச் சான்றிதழையோ திருமணச் சான்றிதழையோ இங்குள்ள அலுவலகம் சந்தேகப்பட்டால், இந்தியாவில் உள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக விசாரித்துச் சரிபார்ப்பார்கள். மாதக்கணக்கில் இழுக்கும்.

இங்கே குழந்தை பிறக்கும்போதுதான் இதன் வலி தெரியும். குழந்தையின் பிறப்பைப் பதிய அப்பா அம்மா இருவரின் பிறப்புச் சான்றிதழையும் கேட்பார்கள். என்னுடையதில் பெயரே இல்லை, 'பெண்' என்று மட்டும் இருந்தது. நம் தலைமுறையில் பலருக்கு அப்படித்தான் இருக்கும். ஊரில் இருக்கும்போதே பெயரைச் சேர்த்து, இனிஷியல் விரிவு பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துக்கொள்வது

எனக்கு இன்றும் ஆறாத தவறு இதுதான்.

புளூ கார்டில் (பட்டம் படித்தவர்களுக்கான வேலை அனுமதி) வருபவரின் மனைவிக்கோ கணவருக்கோ விசா வாங்க ஜெர்மன் மொழித் தேர்வு தேவையில்லை. வேறு சில விசாக்களில் துணையாக வருபவர் ஏ1, அதாவது தொடக்கநிலை ஜெர்மன் தேர்ச்சியைக் காட்டியாக வேண்டும். இந்தச் சலுகை கிடைத்ததும் நாங்கள் சந்தோஷப்பட்டோம். 'அங்கே போய்ப் படித்துக்கொள்ளலாம்' என்று ஒரு வார்த்தை ஜெர்மன்கூட இல்லாமல் வந்து இறங்கினேன். வந்த நாலாவது மாதம் கர்ப்பமானேன். படிப்பு தள்ளிப்போனது.

என் கணவர் மிக நல்லவர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தவறு அன்பினால்தான் நடக்கிறது. எனக்குச் சிரமம் வரக்கூடாது என்று எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொண்டார். வாடகை ஒப்பந்தம் அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில், இன்டர்நெட், மின்சாரம் எல்லாமே அவர் பெயரில். மருத்துவரிடம் போவதென்றால் அரை நாள் லீவு போட்டு வந்து எனக்காகப் பேசுவார். கடிதம் வந்தால் மாலையில் அவர் வந்து பிரிப்பார். நான் சமைத்தேன், பிள்ளையைப் பார்த்துக்கொண்டேன், ஊருக்கு வீடியோ கால் பேசினேன். இரண்டு வருடம் ஓடிப்போனது.

தபால் பெட்டியில்கூட என் பெயர் இல்லை. இது சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். இந்த ஊரில் தபால்காரர் வீட்டு எண்ணை மட்டும் பார்த்துப் போடுவதில்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர் பொருந்தாவிட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். நம் வழக்கப்படி என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக என் அப்பாவின் பெயர், அவருடையதில் அவர் அப்பாவின் பெயர், மகனுக்கு என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள், பெட்டியில் ஒன்றே ஒன்று. 2015-இல் ஒருவழியாக மொழி வகுப்புக்கு விண்ணப்பித்தேன். இடம் கிடைத்துவிட்டது என்று அவர்கள் அனுப்பிய கடிதம் எனக்கு வந்து சேரவேயில்லை. நான் விசாரித்தபோது வகுப்பு தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் என் பெயரை எழுதி ஒட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

2016 ஜனவரியில் அவர் வேலையாக ஷாங்காய் போயிருந்தார். ஒன்றேகால் வயது மகனுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குக் காய்ச்சல் நாற்பதைத் தாண்டியது. அங்கே விடிகாலை நாலு மணி. அவர் போனை எடுக்கவில்லை. மருத்துவர்களின் கிளினிக்குகள் மூடிய நேரத்தில் 116117 என்ற எண்ணைக் கூப்பிடலாம், உயிருக்கு ஆபத்தென்றால் 112 என்பதுகூட அன்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன பேசியிருப்பேன்? கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். இரண்டு வருடமாக ஹலோ தவிர வேறெதுவும் பேசியிராத ஒரு வயதான அம்மா திறந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிள்ளையின் நெற்றியைத் தொட்டார், கோட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தார். குழந்தைகள் மருத்துவமனையில் எனக்காக அவர்தான் பேசினார். எப்போதிலிருந்து காய்ச்சல், என்ன மருந்து கொடுத்தாய் என்று அவர்கள் கேட்டதை என்னிடம் சைகையில் கேட்டார்.

பிள்ளைக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஆனால் நாலு எட்டு தூரத்தில் அப்படி ஒருவர் இரண்டு வருடம் இருந்திருக்கிறார், அவரிடம் உங்கள் பெயர் என்ன என்று கேட்கும் அளவுக்குக்கூட எனக்கு வாய் இல்லை. அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

அதே வாரம் ஸ்டுட்கார்ட்டில் நான் வழக்கமாக மளிகை வாங்கும் தமிழ்க் கடையில் இதைச் சொல்லி அழுதேன். கடைக்கார அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் அகதியாக வந்தவர். "தங்கச்சி, நாங்கள் வந்த நேரம் எங்களுக்காகக் கதைக்க ஒருத்தரும் இல்லை. அதாலதான் எங்களுக்கு டொச் (ஜெர்மன்) வந்தது. உங்களுக்குக் கதைக்க ஆள் இருக்கு, அதான் பிரச்சினை. பிழை விட்டாலும் வாயைத் திறந்து கதையுங்கோ" என்றார். வசந்தத்தில் ஏ1 வகுப்பில் சேர்ந்தேன். 2017-இல் பி1 என்ற இடைநிலைத் தேர்வை முடித்தேன். 2018-இல் வேலை கிடைத்தது. சென்னையில் ஐந்து வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்தவளுக்கு நடுவில் ஐந்து வருடம் வெறுமை. சம்பளத்தில் அந்த ஐந்து வருடத்தை இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை.

ஆகவே வந்த முதல் வாரத்திலேயே இதைச் செய்யுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். வீட்டு மணியிலும் தபால் பெட்டியிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எல்லாக் குடும்பப் பெயர்களையும் ஒட்டுங்கள். வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காகத் தொடங்குங்கள். கடிதங்களை இருவரும் உட்கார்ந்து பிரியுங்கள், புரியாத வார்த்தைக்கு அகராதி பாருங்கள். வேலைக்குப் போகாதவர் கையில் ஒரு துறையை முழுமையாகக் கொடுங்கள். மருத்துவர் நேரம் வாங்குவது, காப்பீட்டு நிறுவனத்தோடு பேசுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தடுமாறும்போது மற்றவர் போனைப் பிடுங்கக் கூடாது. இதுதான் மிகக் கடினம். என் கணவர் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

மொழிக்கு ஒருங்கிணைப்பு வகுப்பு இருக்கிறது: 600 பாடவேளை மொழி, 100 பாடவேளை நாட்டின் சட்டமும் வரலாறும். இலக்கு பி1. அதில் இடம் கிடைக்காவிட்டால் ஊருக்கு ஊர் உள்ள ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற பெரியவர்களுக்கான கல்வி மையத்தில் மாலை வகுப்பு நடக்கும். புளூ கார்டு வைத்திருப்பவரும் சும்மா இருக்கக் கூடாது. நிரந்தர வசிப்புரிமை அட்டை ஏ1 இருந்தால் 27 மாதத்தில், பி1 இருந்தால் 21 மாதத்தில் கிடைக்கும். இருவரும் சேர்ந்து படிக்கும் வீடுகளில் ஒருவர் மட்டும் பின்தங்குவதை நான் அதிகம் பார்த்ததில்லை.

இளம் வயதில் தனியார் மருத்துவக் காப்பீடு

சம்பளம் ஒரு வரம்புக்கு மேல் போனால் (2025-இல் அது ஆண்டுக்கு 73,800 யூரோவாக இருந்தது) அரசு சார்ந்த காப்பீட்டிலிருந்து வெளியேறலாம். முகவர்கள் மாதத் தொகை குறைவு என்று சொல்லி வந்து நிற்பார்கள். தனியாக இருப்பவருக்குக் குறைவுதான். ஆனால் அரசு சார்ந்த காப்பீட்டில், வருமானம் இல்லாத மனைவியும் பிள்ளைகளும் தனித் தொகை கட்டாமலே சேர்ந்துகொள்ளலாம். தனியாரில் ஆளுக்கொரு பிரீமியம், வயது ஏற ஏற அதுவும் ஏறும். திரும்பி வருவது எளிதல்ல. 55 வயதுக்குப் பிறகு வழி ஏறக்குறைய அடைந்துவிடும். மனைவி வருவதற்கு முன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு தலையில் கை வைத்தவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும்.

யோசிக்காமல் 3-க்கு 5 என்று வரி வகுப்பு மாற்றுவது

மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதை வரி வகுப்பு தீர்மானிக்கும். தம்பதிக்குத் தானாக அமைவது இருவருக்கும் நாலாம் வகுப்பு. அதிகம் சம்பாதிப்பவர் மூன்றுக்குப் போனால் மற்றவர் ஐந்துக்குத் தள்ளப்படுவார். மாதாமாதம் வீட்டுக்கு வரும் பணம் கூடும், ஆனால் ஐந்தில் இருப்பவரின் கைச்சம்பளம் சுருங்கும். பிள்ளை பிறந்ததும் வரும் பெற்றோர் உதவித்தொகையும், வேலை போனால் வரும் உதவியும் அந்தச் சுருங்கிய தொகையை வைத்தே கணக்கிடப்படும். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் மகப்பேறு விடுப்பு தொடங்கும் மாதத்துக்கு ஏழு மாதம் முன்பே தாயாகப் போகிறவரை ஐந்திலிருந்து மாற்றிவிட வேண்டும். அதாவது வயிற்றில் இருப்பது தெரிவதற்கு முன்பே பேசி முடிவெடுங்கள்.

ஒலிபரப்புக் கட்டணக் கடிதத்தை விளம்பரம் என்று எறிவது

இது பொது டிவி, வானொலிக்கான கட்டணம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும். இருவரும் முகவரி பதிவதால் இருவருக்கும் தனித்தனியே கடிதம் வரும். ஒருவர் கட்டினால் போதும், மற்றவர் கட்டுபவரின் கட்டணக் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் பாக்கி சேரும்.

ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போடுவது

கூடாது. இரவு பத்து மணிக்குமேல் மிக்ஸியும் கூடாது.

வாசலில் தொங்கும் கேர்வோக்க பலகை

ஸ்டுட்கார்ட் பக்கம் வந்தால் இது உண்டு. பலகை உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் மாடிப்படியைக் கூட்டித் துடைப்பது உங்கள் முறை. வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். முடித்ததும் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் மாட்டிவிடுங்கள். கூடவே மணியை அடித்து உங்கள் பெயரைச் சொல்லுங்கள்.

மஞ்சள் உறை

நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி அனுப்பும் கடிதம் மஞ்சள் உறையில் வரும். பெட்டியில் அது கிடந்தால் அன்றே பிரியுங்கள். உறையின் மேல் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்து ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கெடு ஓடத் தொடங்கிவிடும், பல சமயம் இரண்டே வாரம். உறையை எறியாதீர்கள், அந்தத் தேதிதான் உங்கள் சாட்சி.